எந்தப் பக்கம்

ஓட்டேரி வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
லிஃப்ட் என்று எழுதிய இடத்தில்
யாரோ சைக்கிளைப் பூட்டியிருக்கிறார்கள்.
என் பையில் பஞ்சு, கட்டுத்துணி,
பூட்டுப் போட்ட சின்ன டப்பா.
டப்பாவுக்குள் மார்ஃபின்.

கன்னியப்பன், எழுபத்தொன்பது.
குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்தவர்.
முப்பத்திரண்டு வருஷம்
விடிகாலை மூன்று மணிக்கு
ஆளுயரச் சாவியைத் தோளில் சாய்த்துத்
தெருத்தெருவாகப் போனவர்.
மாதம் ஒரு முறை நான் போனால்
ஜே.ஈ. அம்மா வந்துட்டாங்க என்று எழப் பார்ப்பார்.
பிரிக்கிளின் ரோடு லைன் மூடியாச்சும்மா.
ஒவ்வொரு மாதமும் அதையே மூடினார்.
ஒவ்வொரு மாதமும் சரி என்று குறித்துக்கொண்டேன்.

இப்போது பேச்சு போய்விட்டது.
கை போகவில்லை.
போர்வைக்கு மேலே, காற்றில்,
எதையோ பிடித்துத் திருப்புகிறது.

சாயங்காலமானா கத்தறாரு சிஸ்டர், என்றான் மகன் சீதாபதி.
கீழ் வீட்ல ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாங்க.
ஞாபகம் போனா இப்படித்தான்னு
கிளினிக்ல தூக்க மாத்திரை குடுத்தாங்க.
அவர் மணிக்கட்டில்
வேட்டிக் கரை கட்டிய தடம்.
அவன் மறைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

வலிக்குதா என்று கேட்டால்
சாப்பிட்டாச்சு என்பார், பதில் இருந்த நாட்களில்.
அதனால் நாங்கள் வாயைக் கேட்பதில்லை.
மூச்சு, முனகல், முகம், உடம்பு,
தொட்டால் அடங்குகிறாரா.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை.
சும்மா கிடக்கையில் மூன்று.
புரட்டியபோது எட்டு.

போர்வையைக் கால்வரை விலக்கினேன்.
இடது குதிகாலில்
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்து
உள்ளே குழிந்திருந்தது.
நான் வராத மூன்று வாரத்தில் வந்த புண்.
மூளை கலங்கிடுச்சு என்று ஒரு வீடே பயந்தது
இந்தக் குதிகாலுக்குத்தான்.

டாக்டர் போனில் அளவு சொன்னார்,
கொஞ்சம்தான், நாலு மணிக்கொரு தடவை.
மலம் கட்டும், அதற்கும் எழுதிக்கோ.
தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்து
குதிகாலை அந்தரத்தில் விட்டேன்.
நாலாம் நாள்
கீழ் வீட்டு அம்மா படியில் என்னை நிறுத்தி,
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
இருக்காரா?

ஆடியில் சாப்பாடு நின்றது.
பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள்.
இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார்.
மூன்றாம் தடவை வேண்டாம் என்றோம், எல்லோரும் உட்கார்ந்து பேசி.
பேசிய பிறகும் சீதாபதி
படிவரை கூடவே வந்து கேட்டான்:
பட்டினி போட்டுக் கொல்றமா சிஸ்டர்?

வகுப்பில் கொடுத்த பதில் ஒன்று உண்டு.
சாப்பிடாததால் சாகவில்லை,
சாகப்போவதால் சாப்பிடவில்லை.
சொன்னேன்.
சொல்லும்போதே அது
சுவரில் ஒட்டிய தாள் மாதிரி இருந்தது.
அவன் உள்ளே போய்
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினான்.

நானும் திரும்ப ஏறிப்போய்
பஞ்சுக்குச்சியை நனைத்து அவன் கையில் கொடுத்தேன்.
ஈறில் தடவு. நாக்குக்கு அடியில். உதட்டில்.
அவர் உறிஞ்சினார்.
ஒரு வட்டாரத்துக்கே தண்ணீர் விட்டவர் என்று
எழுத வருகிறது.
வேண்டாம்.
அவருக்கு நாக்கு காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வியாழன் விடிகாலை மூன்றரைக்குப் போன் வந்தது.

மீதி மருந்தை அளந்து வாங்க வேண்டும்.
பதினோரு மில்லி.
பதிவேட்டில் என் கையெழுத்து, அவன் கையெழுத்து.
பேனாவைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கேட்டான்:
நேத்து நீங்க வந்தப்போ
அப்பா கையை எந்தப் பக்கம் திருப்பினாரு?
வலப்பக்கம்னா மூடறது.
இடப்பக்கம்னா திறக்கறது.

தாள்களைப் புரட்டினேன்.
மூச்சு இருக்கிறது. முகம் இருக்கிறது.
எத்தனை மணிக்கு எத்தனை மில்லி, எல்லாம் இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் அந்தச் சாவி.
அதன் குறுக்குக் கம்பியில்
அவர் துண்டு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.